சுவரைப் பார்த்துப் பாடியவன்

எங்கள் ஆல்பத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். "அந்தக் கடைசிப் பாட்டைப் பாடறது யாருங்க?" மற்ற பாட்டுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. டிரம்ஸ் வாசித்தது யார் என்று இதுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை. வாசித்தது நான்தான். போகட்டும்.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆல்பத்திலும் அவன் பெயர் கிடையாது. "பேரு மட்டும் வேண்டாமுங்க்கா, ஊட்ல தெரிஞ்சா சங்கடமுங்க" என்று அவனே கேட்டுக்கொண்டான். எங்களிடம் அவனாக வாய் திறந்து கேட்டது அநேகமாக அது ஒன்றுதான். அவனைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பாசமெல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வந்து சேரும்.

அவனிடம் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பான். திருப்பூரில் யார்தான் சரிங்க சொல்வதில்லை என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்களுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்காக அப்பாவும் அம்மாவும் இங்கே வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதே சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். இந்த ஊரிலோ திட்டுவதற்குக்கூட 'ங்க' போட்டுத் திட்டுகிறார்கள். இத்தனை வருஷத்தில் இங்கத்துச் சாப்பாடு, தண்ணீர், தூசி எல்லாம் பழகிவிட்டது. அந்த 'ங்க' மட்டும் என் நாக்கில் ஒட்டவே இல்லை.

ஆனால் ஊராருடைய சரிங்க வேறு, அவனுடையது வேறு. மற்றவர்கள் சரிங்க என்று சொல்லிவிட்டுத் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள். அவன் சரிங்க என்று சொன்னால் அதைச் செய்துவிடுவான். அதுதான் அவனிடம் இருந்த கோளாறு.

ஒரு நாள் பேக்கரியில் உட்கார்ந்திருந்தோம். அவன் பப்ஸ் கேட்டான். டீ மாஸ்டர், "பப்ஸ் தீந்துபோச்சுங்க, தேங்காய் பன் சாப்புடுங்க" என்றார். "சரிங்க." தேங்காய் பன் அவனுக்கு ஆகாது என்று எங்களுக்குத் தெரியும். வாசனையே பிடிக்காது. எங்கள் கிதார்க்காரன் சதீஷுக்கு விளையாட்டுப் புத்தி. "இன்னொண்ணு சாப்புட்றா, நல்லா இருக்குதல்ல?" என்றான். "சரிங்க்ணா." இரண்டாவதையும் மென்று விழுங்கினான். பிறகு வெளியே போய், தன் மொபெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மாஸ்டரைப் பார்த்து, "நல்லா இருந்துதுங்க" என்றான். சதீஷ் சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்டவன்தான் எங்கள் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாடகன்.

திருப்பூருக்கும் உறுமலும் அலறலுமான இந்த ஹெவி மெட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று கோயம்புத்தூர்க்காரர்களே கேட்டிருக்கிறார்கள். சம்பந்தம் டிஷர்ட்தான். வெளிநாட்டு இசைக்குழுக்களுக்குக் கறுப்பு டிஷர்ட் தைத்து, மேலே மண்டையோடும் முள்வேலி போன்ற எழுத்தும் அச்சடித்து அனுப்புவது இங்கே பல கம்பெனிகளுக்குப் பிழைப்பு. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் சதீஷின் அப்பா நடத்தும் கம்பெனியும் அதில் ஒன்று. நான் அங்கே துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன் போடுகிறேன். யாருக்காக இத்தனை மண்டையோடு என்று சதீஷ் இணையத்தில் தேடிப் பார்த்தான், பிறகு அவர்கள் பாட்டைக் கேட்டான், பிறகு கிதார் வாங்கினான். சர்ச்சில் டிரம்ஸ் வாசித்துப் பழகிய என்னைப் பிடித்தான். பேஸ் கிதாருக்கு அவன் சித்தப்பா மகன் தினேஷ். பாட பிரபு. கட் செய்து மிஞ்சும் துண்டுத் துணியை இந்த ஊரில் பனியன் வேஸ்ட் என்போம், மெக்கானிக்குகள் கை துடைப்பார்களே, அது. எங்கள் குழுவுக்கும் அதையே பெயராக வைத்தோம்.

பிரபு ஆளும் குரலும் ஒன்று. எதிலும் முன்னால் நிற்பவர். ஆல்பத்துக்கான பாட்டுகளை அவர்தான் எழுதினார், எல்லாம் இங்கிலீஷில், எல்லாவற்றிலும் ரத்தம், சாம்பல், நரகம். இசையைப் பதிவு செய்து முடித்த நேரத்தில் அவருக்கு டாக்காவில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கித்தரும் ஒரு பையிங் ஆபீசில் வேலை கிடைத்தது. கிளம்பிவிட்டார். குரல் இல்லாத ஆல்பத்தை வைத்துக்கொண்டு நாங்கள் விழித்தோம். பாடகர் வேண்டும் என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காதல் பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள்.

அவன் சாமளாபுரத்திலிருந்து மொபெட்டில் வந்தான். மெலிந்த உருவம், படிய வாரிய தலை. கம்பெனிக்குப் பின்னால் துணி ரோல் அடுக்கும் குடோனில்தான் எங்கள் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமைகளில். சுற்றிலும் துணி ரோல் இருப்பதால் சத்தம் வெளியே போகாது. அப்படியும் சதீஷின் அப்பா, "வாரம் ஒருக்கா உள்ள பேயோட்டறாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இவன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். எங்கள் எல்லோருக்கும் வணக்கம் வைத்தான். மைக்கைக் கையில் கொடுத்ததும், "கத்தட்டுங்களா?" என்று கேட்டான்.

"அதுக்குத்தானலே வந்திருக்க" என்றேன்.

சரிங்க்கா என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். துணி ரோல்களைப் பார்த்தபடி நின்று கத்தினான். நான் கேட்ட சத்தம் அந்த மெலிந்த உடம்பிலிருந்துதான் வருகிறது என்று நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய உறுமல், மேலே ஏறி ஏறி ஒரு இடத்தில் கிழிந்து தொங்கியது. கத்தி முடித்துத் திரும்பியவன், "தொந்தரவாயிடுச்சுங்களா?" என்றான்.

"ஏன் திரும்பி நின்ன?" என்று சதீஷ் கேட்டான்.

"உங்க மூஞ்சியப் பாத்துக் கத்துனா மரியாதையா இருக்காதுங்க்ணா."

அந்தப் பழக்கத்தை அவன் மேடையிலும் விடவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விழாவில் வாசித்தோம். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் டிரம்ஸைப் பார்த்தபடியே எல்லாப் பாட்டையும் பாடினான். பையன்கள் அதை ஏதோ பெரிய ஸ்டைல் என்று நினைத்து வெறிபிடித்து ஆடினார்கள். பாட்டுகளுக்கு நடுவில் கூட்டத்தைச் சூடேற்ற ஏதாவது சொல்லுடா என்று சதீஷ் காதில் ஓதினான். இவன் பாதி திரும்பி மைக்கில், "எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடுங்க, சிரமமில்லீன்னா" என்றான். எனக்குக் குச்சி கை நழுவிவிட்டது. ஆனால் பாடும்போது அவன் முகத்தைப் பார்த்தது அந்த இடத்தில் நான் ஒருத்திதான். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அழுகை என்றும் சொல்ல முடியாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தாளம் தப்பாமல் அடிப்பது லேசான வேலை இல்லை.

அவனிடம் இருந்த கறுப்பு டிஷர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியிலேயே அடித்ததுதான். முள்வேலி எழுத்தை எவனாலும் வாசிக்க முடியாதாகையால் பிரிண்டிங்கில் ஸ்கிரீனைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். செக்கிங்கில் உட்கார்ந்த அக்காமார்களும் கோணல் இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, எது மேல் எது கீழ் என்று யாருக்குத் தெரியும்? பேக்கிங் வரைக்கும் போய்விட்டது. வாங்குபவர்கள் மொத்த லாட்டையும் தள்ளிவிட்டார்கள். அவ்வளவும் காதர்பேட்டைக் கடைகளில் செகண்ட்ஸாக, கழிவுச் சரக்கு விலைக்குப் போனது. அப்புறம் ஒரு வருஷத்துக்குக் குண்டடம் பக்கம் தோட்டங்களில் ஆடு மேய்ப்பவர்களெல்லாம் தலைகீழ் ஹெவி மெட்டலில் திரிந்தார்கள். அவனும் அதில் ஒன்றை வாங்கியிருந்தான். எங்கள் குடோனுக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவான்.

"அது தலகீழால்லா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னேன்.

நெஞ்சைக் குனிந்து பார்த்தான். "எனக்கு இங்கிருந்து பாத்தா நேராத்தானுங்க்கா தெரியுது" என்றான். அவன் என் பேச்சுக்கு மறுப்பாகச் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி விழாவுக்குப் போகும் அன்று அவன் மொபெட் கிளம்பவில்லை. நான்தான் கார் எடுத்துக்கொண்டு சாமளாபுரம் போனேன். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். தெருமுனையிலேயே காது அடைத்துவிட்டது. உள்ளே பத்து விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் அப்பா ஒரு தறிக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். அவர் வாயை மட்டும் அசைத்தார். சத்தமே போடவில்லை, போட்டாலும் பயனில்லை. அவன் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினான். அவர் மறுபடி ஏதோ சொன்னார். மறுபடி தலையாட்டினான். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

காரில் வரும்போது கேட்டேன். "அப்பா என்ன சொன்னாவ?"

"எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்களாமுங்க்கா."

"அதுக்கா தலையாட்டுன? கூறுகெட்டவனே, ரெண்டு வார்த்த பேசக்கூடாதா?"

"தறிக்குள்ள எப்புடிங்க்கா பேசறது? எங்கூட்ல எதுன்னாலும் தறிக்குள்ள வெச்சுத்தானுங்க சொல்லுவாங்க. உதட்டப் பாத்துட்டுத் தலையாட்டோணும். பதில் பேசுனா அவருக்குக் கேக்காதுங்க. தறிய நிறுத்திப் பேசற வழக்கம் எங்கூட்ல இல்லீங்க."

கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே சொன்னான். "பல்லடத்துல பி.காம் ரெண்டாவது வருசம் படிச்சுட்டு இருந்தேனுங்க. இனிக் காலேஜுக்குப் போகவேண்டாம்னு அப்பா சொன்னதும் தறிக்குள்ள வெச்சுத்தான். நானும் தலையாட்டிட்டேன். அவரு டீ குடிக்க வெளிய போனாருங்க. அப்பத் தறிகளுக்கு நடுவுல நின்னுட்டு மொதல் தடவை கத்துனேனுங்க. ஆருக்கும் கேக்கலீங்க்கா. எனக்கே கேக்கலீங்க. தொண்டையில மட்டும் தெரிஞ்சுது. அப்பறம் தெனமும் கத்துவேன்."

கல்யாணம் என்ன ஆயிற்று என்று பின்னால் கேட்டேன். பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அவர்களாவது சொன்னார்களே.

பிரபு எழுதிய பாட்டுகள் எல்லாவற்றையும் அவன் பாடி முடித்தான். இங்கிலீஷ் வரிகளை ஒரு பிசிறில்லாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து பாடினான். நரகம் என்று வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் தயங்குவான். கடைசியில் ஒரு மெட்டு மிச்சமிருந்தது. மெதுவாக நடக்கிற, கனமான மெட்டு. அதற்குப் பிரபு வார்த்தை எழுதாமலே போய்விட்டார். இசையாகவே விட்டுவிடலாம் என்றான் சதீஷ்.

"ஏனுங்க்ணா, இதுல நான் ஒரே ஒரு வார்த்தை பாடிப் பாக்கட்டுங்களா?" என்றான் அவன்.

எல்லோரும் சரி என்றோம். திரும்பி, துணி ரோல்களைப் பார்த்து நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மெட்டு ஓடத் தொடங்கியது. அவன் "சரிங்க" என்றான். பேக்கரியில் சொல்வானே, அதே குரல், அதே பணிவு. மறுபடி "சரிங்க." பாட்டு முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்குச் சொல்வதுபோல இருந்தது. ஒன்று வாத்தியாருக்கு, ஒன்று காடாத் துணி வாங்க வரும் வியாபாரிக்கு, ஒன்று பந்தியில் இடம் மாறி உட்காரச் சொன்ன யாரோ ஒரு மாமாவுக்கு. எனக்கு அப்படித்தான் பட்டது. பாதி பாட்டில் குரல் அடிவயிற்றுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு வந்ததை நான் எழுதிக் காட்ட முடியாது. வார்த்தை மாறவில்லை, 'ங்க' கூடத் தேயவில்லை, அவ்வளவு உறுமலிலும் மரியாதை அப்படியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. முடிவில் குரல் மறுபடி பழைய இடத்துக்கே வந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு "சரிங்க" சொல்லி நின்றது.

வாசலில் சதீஷின் அப்பா நின்றுகொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை சதீஷைத் தேடுகிறார் என்று சொல்ல வந்தவர், அதை மறந்துவிட்டிருந்தார். "அந்தப் பையன் ஆருகிட்டய்யா சொல்றான்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அவன் திரும்பி, "ரொம்பக் கத்திப்போட்டனுங்களா?" என்றான்.

இந்த ஆல்பம் வெளியே வந்தால் இவன் பிழைத்துக்கொள்வான் என்று அன்றைக்கு நான் நினைத்தேன். காசு பணத்தைச் சொல்லவில்லை. தறிக்குள் யாருக்கும் கேட்காமல் போன சத்தம் ஊருக்குக் கேட்கும், அது போதும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே பிரபு டாக்காவிலிருந்து திரும்பி வந்துவிட்டார். வேலை ஒத்துவரவில்லையாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆல்பம் முழுவதையும் கேட்டார். கழற்றி வைத்தார். "நல்லாத்தான் பாடியிருக்கான். இல்லீன்னு சொல்லல. ஆனா நான் எழுதுன பாட்டு, நான் ஆரம்பிச்ச பேண்டு. நானே பாடிக்கறனே" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கும் போக்கிடம் இல்லாமல்தான் வந்து நின்றார். சதீஷும் பிரபுவும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள், அதுபோக மாமன் மச்சான் முறை. சதீஷால் முகத்தை முறிக்க முடியவில்லை. தினேஷ் எப்போதும்போல ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் விடவில்லை. பாட்டை எழுதுவது வேறு, பாடுவது வேறு, பாடியவன் குரலை அழித்துவிட்டு மேலே இன்னொருத்தர் பாடுவது எந்த ஊர் நியாயம் என்று சண்டை போட்டேன். எங்கள் ஊர்ப்பேச்சு முழுக்க வெளியே வந்துவிட்டது. கடைசியில் சதீஷ், "சரிங்க ஜெசி, அவனையே கேட்டுப்போடலாம். அவன் முடியாதுன்னு சொன்னா இத்தோட விட்டர்லாம்" என்றான். பிரபுவும் ஒத்துக்கொண்டார்.

எனக்கு அது போதும் என்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதற்கு முன்பே கம்பெனி கேட்டில் போய் நின்றேன். மொபெட்டை நிறுத்தியதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உள்ள போனதும் உன்ட்ட கேப்பாவ. 'மாட்டேன்'னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. மத்ததெல்லாம் நான் பேசிக்கிடுதேன். கேக்கா? மாட்டேன். அம்புட்டுத்தான்."

"சரிங்க்கா" என்றான்.

நான் நம்பினேன். அவன் சரிங்க என்று சொன்னால் செய்துவிடுவான் என்பதுதானே எனக்குத் தெரிந்தது. எனக்குப் பிறகு உள்ளே இன்னொருவர் கேட்பார் என்பதை நான் யோசிக்கவில்லை.

பிரபு மரியாதையாகத்தான் கேட்டார். எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டு, "தம்பி, உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே? நானே பாடிக்கட்டுமா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் உதட்டை மட்டும் அசைத்து 'மாட்டேன்' என்று காட்டினேன். அவன் அதைப் படித்தான் என்று எனக்குத் தெரியும். உதட்டைப் படிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணை எடுத்துப் பிரபுவைப் பார்த்தான்.

"சரிங்க்ணா. உங்க பாட்டுத்தானுங்களே."

முடிந்தது. ஹெட்போன் ஒயரைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்தான். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தான். "நான் வேணா டீ வாங்கியாரட்டுங்களா?" என்று கேட்டான். என் கையிலிருந்த குச்சியைச் சுவரில் வீசியடித்தேன். அது துணி ரோலில் பட்டுச் சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

கேட் வரைக்கும் அவன் பின்னாலேயே போய்த் திட்டினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. "உனக்குக் கோவமே வராதாலே?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

மொபெட்டை ஸ்டார்ட் செய்தபடி சொன்னான். "வருமுங்க்கா. அதுக்குத்தானுங்க இங்க வந்துட்டு இருந்தேன்."

போய்விட்டான். அதற்குப் பிறகு ஃபோன் செய்தால் எடுப்பான், நல்லா இருக்கறனுங்க என்பான், அக்கா சாப்டீங்களா என்பான். குடோன் பக்கம் வரவில்லை.

பிரபு எல்லாப் பாட்டையும் மறுபடி பாடினார். கடைசிப் பாட்டையும் பாடிப் பார்த்தார். அவருக்கு வார்த்தை இயல்பாக வரும், கொங்குக்காரர்தான். ஆனால் பிரபு சரிங்க என்று கத்தினால் யாரையோ கிண்டல் செய்வதுபோல இருந்தது. பல தடவை முயற்சி செய்தார். ஒரு கட்டத்தில் மைக்கை வைத்துவிட்டு, "இது எனக்கு வராது. அந்தப் பையனோடதாவே இருக்கட்டும்" என்றார். இப்படித்தான் அந்த ஒன்றில் மட்டும் அவன் குரல் தங்கியது.

ஆல்பத்தை இணையத்தில் போட்டோம். பிரபு பாடியதை நாலு பேர் கேட்டார்கள். அந்தக் கடைசிப் பாட்டு எப்படியோ பரவிவிட்டது. டெய்லர், மெர்ச்சண்டைசர், பேங்க்கில் வேலை செய்கிறவர்கள், யார் யாரோ எழுதினார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டேன், அழுதுவிட்டேன் என்று ஒரு அயர்னிங் மாஸ்டர் எழுதியிருந்தார். கோயம்புத்தூரில் மறுபடி மேடை ஏறியபோது கூட்டம் முதல் பாட்டிலிருந்தே அதைத்தான் கேட்டது. கடைசியில் மெட்டைத் தொடங்கினோம். பிரபு பாடவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். அத்தனை பேரும் "சரிங்க" என்று கத்தினார்கள். கழுத்து நரம்பு புடைக்க, யார் யாருக்கோ சொல்லிக் கத்தினார்கள். எனக்கு எதிரே அவன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இறங்கியதும் பிரபுதான் சொன்னார். "ஜெசி, நீங்க போய் அவனைக் கூட்டிட்டு வாங்க. எல்லாப் பாட்டையும் அவன் குரல்லயே திருப்பிப் போடலாம். பேரும் போடலாம். நான் கிதார் வாசிச்சுக்கறேன்." அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே சாமளாபுரம் போனேன். தெருமுனையிலேயே காது அடைத்தது. அவன் அப்பா குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் முடியவில்லை போலிருந்தது. உள்ளே அவன் ஒருவனே பத்துத் தறிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தான். அதே கறுப்பு டிஷர்ட். வெளுத்துப்போய், மேலே பஞ்சு படிந்து, தலைகீழ் எழுத்து பாதி மறைந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். வெளியே வருவான் என்று நின்றேன். தறியில் இழை அறுந்திருந்தது. அதை முடிச்சுப் போட்டபடியே, சொல்லுங்க என்பதுபோல என் உதட்டைப் பார்த்தான்.

நான் வாயை அசைத்தேன். எல்லாப் பாட்டும் நீதான். உன் பெயரும் வரும். பிரபுவே சொல்லிவிட்டார். வா.

கடைசி வார்த்தை வரைக்கும் கவனமாகப் படித்தான். அவன் தலையாட்டுவான் என்று காத்திருந்தேன். அந்த இடத்தில் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியே கிடையாது, அவனே சொல்லியிருக்கிறான்.

அவன் தலையாட்டவில்லை. இழையைக் கீழே விட்டான். கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நடந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினான். தறிகள் இழுத்து இழுத்து அடித்து ஒவ்வொன்றாக நின்றன. குடோனே வேறு இடமாகிவிட்டது. என் காதில் வெறும் ரீங்காரம். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஏண்டா, எதுக்கு இப்பத் தறிய நிறுத்துன?"

"பேசறக்குத்தானுங்கப்பா" என்றான்.

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சுவரை விட்டுத் திரும்பினான். முழுதாகத் திரும்பி என் முகத்துக்கு நேராக நின்றான். குரலை உயர்த்தவே இல்லை.

"இல்லீங்க்கா" என்றான்.

ஏன் என்று கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இனி வரமாட்டான் என்ற வருத்தத்தோடு, சொல்லிவிட்டானே என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அவன் கண் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை அமைதியில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. பிறகு கையைச் சுவிட்ச் பக்கம் கொண்டுபோய், எப்போதும்போல அனுமதி கேட்டான்.

"தறியப் போடட்டுங்களா?"

"சரிங்க" என்றேன்.